ரோமாபுரிப் பாட்டு

அந்தத் தட்டின் நடுவில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன்மேல் பென்சிலால் ‘சாவு’ என்று எழுதியிருந்தார் தங்கவேல். வில்லியனூர் கடைத்தெருவில் அவர் ஒரு சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். இசைத்தட்டுகளைப் பாடியவர் பெயரைக் கொண்டோ படத்தின் பெயரைக் கொண்டோ அவர் பிரித்து வைப்பதில்லை. கல்யாணம், சடங்கு, கொடியேற்றம், சாவு என்று எதற்குப் போடுகிறாரோ அதுவே அதன் பெயர். ‘சாவு’ என்று எழுதியவை நாலைந்து இருந்தன. ஆனால் சங்கராபரணி ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஏழெட்டு கிராமங்களில் ஒருவர் இறந்தால், வீட்டார் கேட்டு வாங்கிப் போடச் சொன்னது இந்தச் சின்னத் தட்டைத்தான். அதை ரோமாபுரிப் பாட்டு என்றார்கள்.

பாட்டில் ஒரு கனத்த குரல், இழுத்து இழுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு பாடும். பின்னால் இரண்டு மூன்று பேர் முனகுவார்கள். சீரான இடைவெளியில், தூரத்தில் யாரோ விறகு பிளப்பது போல ஒரு சத்தம் வரும். சொற்கள் யாருக்கும் புரியவில்லை. லத்தீன் என்றார் மாதா கோயில் உபதேசியார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அரங்கநாதன், பிரெஞ்சு இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். யாரோ ஒரு மேற்றிராணியார், பெரிய பிஷப், ரோமாபுரியில் பாடியது என்ற பேச்சு எப்படியோ கிளம்பி நிலைத்துவிட்டது. முதலில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தின் மாதா கோயில் தெருவில் மட்டும் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் மற்றத் தெருக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

“நான் போனா ரெண்டு தரம் போடணும் தங்கவேலு. தூக்கசொல்ல ஒருதரம், வாய்க்கா தாண்டசொல்ல ஒருதரம்” என்றாள் ஊர்க் கிழவி கலியம்மாள், ஒரு சாவு வீட்டில், அழுது முடித்த கையோடு.

“நீ எங்க போவப்போற. என்னையும் அனுப்பிட்டு, புது செட்டுக்காரனா பாத்துப் புடிச்சி வெச்சிட்டுதான் போவ” என்றார் தங்கவேல்.

அந்தப் பாட்டு முதன்முதலில் போடப்பட்டது 1970ஆம் வருஷத்து மழைக்காலத்தில். இறந்தவர் சின்னப்பிள்ளை என்பவர், மாதா கோயில் தெருவில் நிலபுலன் உள்ளவர். மழையில் தங்கவேலின் அட்டைப்பெட்டி ஊறி, கோயில் பாட்டுத் தட்டுகள் எல்லாம் வளைந்துபோயிருந்தன. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுச் சாவுக்கு சினிமாப் பாட்டு போட முடியாது. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் கட்டாக வாங்கிய பழைய தட்டுகளில் இங்கிலீஷ் எழுத்துப் போட்டது ஒன்று இருந்தது. இங்கிலீஷ் என்றால் எப்படியும் வேதப்பாட்டாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். பிளேயரில் வேகத்தை மாற்றும் குச்சி, அதற்கு முன்பு ஓடிய பெரிய தட்டுக்காக நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்ற இடத்தில் நின்றிருந்தது. சின்னத் தட்டுக்கு அதை நாற்பத்தைந்துக்குத் தள்ளியிருக்க வேண்டும். பந்தலில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த அவசரத்தில் தள்ளவில்லை. இரண்டரை நிமிஷத்துக்கு எழுதிய பாட்டு மூன்றரை நிமிஷம் ஓடியது. சின்னப்பிள்ளையின் மகன்கள் மூவரும் அதுவரை அழாமல் நின்றிருந்தார்கள். அந்தப் பாட்டில்தான் அழுதார்கள்.

அப்போது கூட்டத்தில் இன்பமேரி நின்றிருந்தாள். பிலவேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் வரி ஓடியபோது மற்றவர்களைப் போலவே அவளும் யாரோ பெரியவர் ஜெபிக்கிறார் என்றுதான் எண்ணினாள். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் ஒரு மூக்குறிஞ்சல் வந்தது. மெதுவான வேகத்தில் அது ஒரு விம்மல் போலக் கேட்டது. இன்பமேரிக்கு அந்த மூக்குறிஞ்சல் தெரியும். 1967 அக்டோபரில், சென்னையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், சளி பிடித்திருந்த ஒரு நாளில் அவள் உறிஞ்சியது அது. மறுபடி பாட நேரம் கொடுக்கவில்லை. அப்படியே தட்டில் ஏறிவிட்டது.

அவள் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். அங்கே கணக்குப் பார்த்த டெரிக் என்ற ஆங்கிலோ இந்தியர் சனிக்கிழமைகளில் ஓட்டலில் கிதார் வாசித்தார். சாந்தோம் ஃபோர் என்று அவர்கள் குழுவுக்குப் பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ பாட்டு மாதிரி ஒன்றை டெரிக் எழுதி, அதற்குக் கொஞ்சம் தாழ்ந்த பெண் குரல் வேண்டும் என்றார். இன்பமேரியின் குரல் இயல்பிலேயே தாழ்ந்தது. கைத்தட்டல், டிரம், பின்னால் ஆண்கள் இருவரின் குரல், இத்தனையோடு ஒரு பக்கம் அவள் பாடினாள். மறுபக்கம் டெரிக் தனியாக ஒரு பாட்டுப் பாடினார். இருநூறு தட்டு அச்சடித்து வந்தது. முப்பது விற்றிருக்கலாம். வானொலியில் ஒருதரமும் போடவில்லை. மீதி தட்டுகள் பெரம்பூரில் ஒரு வாடகை அறையில் கிடந்து, பிறகு பழைய சாமான்காரனிடம் போயின. டெரிக் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கல்யாணம் நிச்சயமான வாரம், இன்பமேரியிடம் இருந்த ஒரே தட்டை அவளுடைய அம்மா அடுப்பில் போட்டாள். வீட்டில் ஒரு நாள் முழுக்க ரப்பர் நாற்றம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில், பெண் கோயிலில் பாடுவாள் என்று மட்டும் சொல்லப்பட்டது.

ஆகவே சின்னப்பிள்ளையின் சாவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த சாவுகளிலும் சொல்லவில்லை. குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஊரைக் கடந்து கரும்புத் தோட்டங்கள் வரை போகும். அவள் சமைத்துக்கொண்டிருப்பாள், அல்லது துணி அலசிக்கொண்டிருப்பாள். தெருவில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் கேட்டு அழுவது வேறு யாரையோ என்று அவளுக்குத் தோன்றும். தன்னை யாரும் கேட்டதில்லை என்பதும் தோன்றும். ஒரே ஒருதரம் அதைச் சரியான வேகத்தில் கேட்டால் போதும் என்று அவள் ஏழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்பதோடு சரி.

1977 ஜூலையில் ஒரு கடிதம் வந்தது.

“வெளிநாட்டு ஸ்டாம்பா கீதே, யாரு?” என்றான் பிலவேந்திரன். அவன் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“மெட்ராஸ்ல கூட வேலை செஞ்சவரு. டெரிக்குன்னு. பெர்த்துல இருக்காரு.”

“சட்டைக்காரரா? ஆங்கிலோ இந்தியரா?”

“ஆமா.”

“இன்னாவாம்?”

“சும்மா விசாரிச்சி எழுதியிருக்காரு.”

அவன் துண்டால் காலைத் துடைத்தான். இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரை துடைத்தான். “ஸ்டாம்பைக் கிழிச்சிடாத, பாப்பா கேப்பா” என்று மட்டும் சொன்னான்.

டெரிக் சும்மா விசாரித்து எழுதவில்லை. பெர்த்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். யாரும் கவனிக்காமல் போன பாட்டுகளைச் சேர்ப்பது அந்தக் கடைக்காரரின் வேலையாகிவிட்டது. ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள்தான் அவருக்கு வேண்டும். நைரோபியில் ஒரு தபால்காரர் பாடியது, லிமா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அண்ணன் தம்பிகள் பாடியது என்று பதினொரு பாட்டு கிடைத்துவிட்டது. பன்னிரண்டு பாட்டைச் சேர்த்து ஒரு பெரிய தட்டாக வெளியிடப் போகிறார். அவரிடம் டெரிக் தங்கள் தட்டைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டாவதாக இன்பமேரி பாடிய பக்கம் வேண்டும். டெரிக் எழுதியிருந்தார்: மூல நாடா அழிந்துவிட்டது. என்னிடம் தட்டு இல்லை, உன்னிடம் இருக்கிறதா? அட்டையில் உன் பெயரைப் போடுவார்கள். டேப்பில் எடுத்து அனுப்பினால் சரிவராது, தட்டே வேண்டும். செப்டம்பர் கடைசிக்குள்.

தன்னுடைய பக்கத்தைப் பற்றி டெரிக் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இன்பமேரி கடிதத்தை ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தாள். அவள் அறிந்து உலகத்தில் அந்தத் தட்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது தங்கவேலின் கடையில் இருந்தது. பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மகள் பாப்பாவுக்கு நோட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினாள்.

கடையில் தங்கவேல் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் கூடு கட்டியிருந்த குளவியைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்.

“வா தங்கச்சி. இன்னா, வூட்டுல விசேஷமா?”

“விசேஷம் ஒண்ணுமில்லண்ணே. ஒரு தட்டு பாக்கணும்.”

“எது?”

“ரோமாபுரி.”

அவர் குச்சியைக் கீழே வைத்தார். “அடடா. யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. அத நாப்பத்தஞ்சுல போட்டுக் கேக்கணும்.”

தங்கவேல் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரில் சைக்கிள் கடை மூடியிருந்தது. உள்ளே வந்து பலகைக் கதவில் பாதியைச் சார்த்தினார்.

“உங்கிட்ட யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அது என் பாட்டு.”

“எல்லா வூட்லயும் இதத்தான் சொல்றாங்க. எங்கப்பன் பாட்டு, எங்கம்மா பாட்டுன்னு.”

“அப்படியில்லண்ணே. அதுல பாடறது நான்.”

அவர் சிரித்தார். “அது ஆம்பள கொரலு, தங்கச்சி.”

“நாப்பத்தஞ்சுல பொம்பள கொரலு. உங்களுக்குத்தான் தெரியுமே.”

அவர் சிரிப்பு நின்றது. முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தான் ஒரு பேட்டரிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். ஸ்பீக்கருக்குள் மிச்சமிருந்த குளவி ரீங்கரித்தது.

“மறுநாளே தெரிஞ்சிபோச்சி” என்றார் பிறகு. “நல்ல பாட்டா கீதேன்னு கடையில ஒருக்கா போட்டேன். குச்சிய சரியா தள்ளிப் போட்டேன். ஒரு பொண்ணு கைதட்டிக் கைதட்டி பாடுது. எனக்கு வேர்த்துக் கொட்டிடிச்சி. அன்னிக்கிக் காலையிலதான் சின்னப்பிள்ளை பெரிய மவன் வேட்டியும் துண்டும் எடுத்தாந்து குடுத்துட்டுப் போறான், எங்கப்பனுக்கு நல்ல பாட்டா போட்டேன்னு. அவங்கிட்ட போயி இன்னான்னு சொல்றது? உங்கப்பன் பொணத்துக்கு முன்னால டான்ஸ் பாட்டு போட்டேன்னா?”

“அப்பறமும் போட்டீங்களே.”

“கேக்கறாங்களே. நானா போடறேன்?” அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “இன்னாதான் பாடற அதுல? அர்த்தம் இன்னா?”

“ஒருத்தி பஸ் ஸ்டாப்புல நிக்கிறா. அவன் வரல. இன்னும் ரெண்டு பஸ்ஸு பாப்பேன், நீ வரலன்னா கண்டக்டரோட போயிடுவேங்கறா.”

“கண்டக்டரோடவா?”

“ஆமா.”

“நாப்பது பொணத்துக்கு மேல போட்டாச்சி, தங்கச்சி” என்றார் தங்கவேல். பிறகு மெதுவாக, “கண்டக்டரோட” என்றார்.

இன்பமேரி கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். பெர்த், கடைக்காரர், பன்னிரண்டு பாட்டு, அட்டையில் பெயர், எல்லாவற்றையும் சொன்னாள். அவ்வளவையும் இதுவரை யாரிடமும் அவள் சேர்த்துச் சொன்னதில்லை. சொல்லி முடிக்க ஆன நேரம் மிகக் குறைவாக இருந்தது. தங்கவேல் எழுந்து, மேல் தட்டிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, ‘சாவு’ என்று எழுதிய தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“எடுத்துக்கினு போ. உன் பொருளு. ஒடஞ்சிபோச்சின்னு நான் சொல்லிக்கிறேன். எனக்கும் நிம்மதி.”

அவர் தரமாட்டார் என்று எண்ணி அதற்கான பேச்சையெல்லாம் பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

“ஒருதரம் கேட்டுடறேன்” என்றாள்.

“ஆம்ப்ளிபயர் போட முடியாது. தெருவுக்கே கேக்கும்.” அவர் பிளேயரை மட்டும் மின்சாரத்தில் சொருகினார். “முள்ளு பக்கத்துல காத வெச்சிக் கேளு. கொசு மாதிரி கேக்கும். தட்டு பழுதான்னு பாக்க நான் இப்படிதான் கேப்பேன்.”

குச்சியை நாற்பத்தைந்தில் வைத்தார். முள் பொருத்திய பிக்கப் கையின் தலையில் ஒரு இருபது பைசாவைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார். முள் குதிக்காமல் இருக்க செட்டுக்காரர்கள் செய்கிற வேலை அது. இன்பமேரி தரையில் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்தாள். அடுத்த பக்கத்தில் தங்கவேலும் சாய்ந்தார்.

முதலில் கரகரப்பு மட்டும் வந்தது. அதற்குள்ளிருந்து டிரம், கைத்தட்டல், பிறகு ஒரு பெண். நகத்தளவு குரல். இன்பமேரி மூச்சை அடக்கிக் கேட்டாள். அந்தப் பெண் சுறுசுறுப்பாகப் பாடினாள். யாரைப் போலவோ பாட முயன்றாள். டெரிக் பழகக் கொடுத்த அமெரிக்கத் தட்டில் இருந்த பாடகியின் குழைவு இரண்டு வரியிலும் அப்படியே இருந்தது. மூக்குறிஞ்சல் வந்தது. மூன்றாவது வரி தொடங்கியதும் முள் துள்ளி முந்திய சுற்றுக்குப் போய் விழுந்தது. மறுபடி மூக்குறிஞ்சல். மறுபடி துள்ளல். மூக்குறிஞ்சல், துள்ளல், மூக்குறிஞ்சல், துள்ளல்.

தங்கவேல் முள்ளைத் தூக்கி அடுத்து வைத்தார். அங்கேயும் துள்ளியது. இன்னொரு இருபது பைசாவை விரலால் அழுத்திப் பார்த்தார். கடைசி வரை ஒரு வரிகூட முழுதாக ஓடவில்லை. நாணயத்தை எடுத்துவிட்டுப் போட்டபோது முள் தட்டின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“மெதுவா போனா முள்ளு பள்ளத்துல எறங்கி ஏறிப் போயிடுது. வேகமா போனா எகிறுது” என்றார் அவர். “ஏழு வருஷமா மழையிலயும் மண்ணுலயும் ஓட்டினது. எம் மேலதான் தப்பு.”

குச்சியை முப்பத்துமூன்றுக்குத் தள்ளி வைத்தார். ரோமாபுரிப் பாட்டு எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது.

இன்பமேரி பிளேயரை நிறுத்தினாள். தட்டை எடுத்துத் திருப்பினாள். மறுபக்கம் கறுப்பாக, முகம் தெரியும்படி பளபளத்தது. அந்தப் பக்கத்தை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அவள் அதைப் பிளேயரில் வைத்து நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள். டெரிக் பாடினார். ஆம்ப்ளிபயர் இல்லாமலே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கிதார் கம்பியில் விரல் நகரும் ஓசைகூடக் கேட்டது. ஆடம்பரமில்லாத பாட்டு. அவசரமே இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டபோது அவளுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

“இது யாரு, லெட்டர் போட்டவரா?”

“ஆமா.”

“பளபளன்னு கீதே. பின்ன இன்னா, இத அனுப்பு. அவங்களுக்கு ஒரு பாட்டு வேணும், அவ்ளோதானே.”

“இதுல நான் இல்ல.”

தங்கவேல் அவளைப் பார்த்தார். பிறகு தட்டைத் துடைத்து உறையில் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தார். பலகைக் கதவின் இடுக்கு வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி போகும் சத்தம் வந்து தேய்ந்தது.

“அதப் பெட்டியிலயே வெய்யிங்கண்ணே” என்றாள் இன்பமேரி. “இருக்கட்டும்.”

“இருக்கட்டுமா? அப்ப நான் போட்டுக்கினே இருக்கறதா?”

“போடுங்க.”

“பாவம் இன்னாவது வருமா எனக்கு?”

“வந்தா எனக்கு வரட்டும்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நோட்டு வாங்க மறந்துவிட்டது அரும்பார்த்தபுரம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஊருக்குப் போகாமல் புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் நின்றாள். தன்னிடமே அவள் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது: ஊருக்கு அந்தப் பாட்டு வேண்டும். தட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த சாவு வீட்டில் தங்கவேல் என்ன போடுவார்? இந்தக் காரணத்தை அவள் கொஞ்ச தூரம் வைத்துப் பார்த்தாள். பங்குச் சாமியாரிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. ஒரு மத்தியானம் ஏதாவது சொல்லி வாங்கிவந்து மெதுவான பாட்டை அதில் பிடித்துக்கொள்ளலாம். தட்டை அனுப்பிவிடலாம். டெரிக் எழுதியதும் பாடியதுமான ஒரு பாட்டு, நைரோபித் தபால்காரருக்குப் பக்கத்தில் ஓடும். அட்டையில் டெரிக்கின் பெயர் இருக்கும்.

அது நடக்கக்கூடியது. கடையிலேயே அது தோன்றியிருந்தும் அவள் தங்கவேலிடம் சொல்லாதது அதனால்தான்.

ஆகஸ்ட் முழுக்க அவள் பதில் எழுதவில்லை. திருக்கனூர் பக்கத்திலிருந்து ஒரு சாவுக்குத் தங்கவேலைக் கூப்பிட்டதாகவும், அங்கேயும் ரோமாபுரியைக் கேட்டு வாங்கினார்கள் என்றும் பிலவேந்திரன் சாப்பிடும்போது சொன்னான். அவள் குழம்பு ஊற்றினாள். செப்டம்பர் முதல் வாரத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஏர் மெயில் தாளை எடுத்து எழுதினாள். நலம் விசாரித்து நாலு வரி. பிறகு: என்னிடம் தட்டு இல்லை. தெரிந்த இடங்களில் எல்லாம் விசாரித்தேன். எங்கேயும் ஒன்றுகூட மிச்சமில்லை. வருந்துகிறேன்.

வருந்துகிறேன் என்பது பொய்யில்லை. அதை எழுதும்போது அவள் உண்மையாகவே வருந்தினாள். ஆனாலும் கடிதத்தை ஒட்டினாள்.

நவம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், டெரிக்கின் பதில் வந்தது. பரவாயில்லை என்று எழுதியிருந்தார். கடைக்காரருக்கு ரங்கூனிலிருந்து ஒரு பாட்டு கிடைத்துவிட்டது, பன்னிரண்டு ஆகிவிட்டது. நீ தேடியதற்கு நன்றி, உனக்கு அங்கே எவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியில், மையின் நிறம் மாறியிருந்தது. மறுநாள் எழுதிச் சேர்த்தது போலிருந்தது. நம் தட்டில் மறுபக்கம் நான் ஒன்று பாடினேன், உனக்கு நினைவிருக்காது. என் மகளுக்குப் பதினொரு வயது. கிதார் பழகுகிறாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். முதல் நான்கு வரிக்கு மேல் வரவில்லை. எழுதிய தாளும் இல்லை. ஒருவேளை உனக்கு ஏதாவது ஒன்றிரண்டு வரி நினைவிருந்தால் எழுது. கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிலவேந்திரன் கதவோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த டெரிக்கா?” என்றான், திரும்பாமல்.

“ஆமா. பழைய பாட்டு ஒண்ணு கேக்கறாரு. வரி மறந்துபோச்சாம்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. விசாரிக்கணும்.”

அவன் கை நீட்டிக் கூரைத் தண்ணீரில் நனைத்தான். பிறகு, “நீ இப்பல்லாம் கோயில்லகூட பாடறதில்ல” என்றான். மழை விட்டதும் வயலுக்குப் போனான்.

அவள் மறுநாளே வில்லியனூருக்குப் போனாள். தங்கவேல் ஒன்றும் கேட்காமல் கதவைப் பாதி சார்த்தினார். இந்தத் தடவை அவள் பாப்பாவின் நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, பளபளப்பான பக்கத்தைப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முள்ளைத் தூக்கி நிறுத்தி எழுதினாள். நான்கு தடவை முழுதாக ஓடியது.

“இவரு இன்னா பாடறாரு?”

“மழை பேஞ்சிக்கினே இருக்கு. ரூமுல கட்டின கயித்துல துணி காயல. அதப் பாடறாரு.”

“துணி காயலன்னா ஒரு பாட்டு?”

“ஆமா.”

தங்கவேல் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். “நல்லாத்தான் கீது. கொஞ்சம் மெதுவா வெச்சா இதுவும் சாவுக்கு ஆவும்.”

“வேணாம்ண்ணே. இத விட்டுடுங்க.”

வீட்டுக்கு வந்து ஏர் மெயில் தாளில் நன்றாக எடுத்து எழுதினாள். பதினாறு வரி. ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. எழுதி முடித்து வாசித்தபோது அவளுக்கே அது விளங்கியது. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ பாடிய பாட்டை இப்படி யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது. இதைப் பார்த்தால் தட்டு இருக்கிறது என்று டெரிக்குக்குத் தெரிந்துவிடும். அவர் கேட்கமாட்டார், ஆனால் தெரிந்துவிடும்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினாள். நினைவிலிருந்து எழுதியது போலத் தெரிய, நடுவில் எங்கேயாவது ஒரு வரியை விட வேண்டும். அவர் எப்படியும் தானாகவே நினைவுக்குக் கொண்டுவந்துவிடக்கூடிய வரியாக அது இருந்தால் நல்லது. பென்சிலால் எழுதிய நோட்டைப் பார்த்து அப்படி ஒரு வரியைத் தேடினாள். எது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோராவது வரியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் நான்கு புள்ளிகள் வைத்தாள்.